தண்ணீர் தேறிவிட்டது என்கிறாய்

டாக்குரியா, கல்கத்தா – 31
14.6.2009

அன்புள்ள தம்பி ஜம்புநாதனுக்கு அக்கா சுந்தரவல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் தீப்தியும் புயலுக்குத் தப்பி நன்றாக இருக்கிறோம். அங்கே நீயும் விஜயாவும் மாதவியும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் நீ உண்மையைச் சொல்லமாட்டாய். ஆகையால் கேட்கவில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் ஊரை விட்டு வா என்று நான் ஆரம்பித்தாலே, "சரிக்கா, மாடு கத்துது, வச்சிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். உன் மாடு நான் கூப்பிடும்போது மட்டும் எப்படித்தான் கத்துகிறதோ! கடிதத்தை அப்படி வைக்க முடியாது. நீ வைத்தாலும் விஜயா எடுத்துப் படிப்பாள்.

இங்கே மே மாதக் கடைசியில் அடித்த புயலுக்கு ஐலா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் மரங்கள் சாய்ந்தன, கரண்டு போயிற்று, அரைத்து வைத்த மாவு புளித்தது. எங்கள் கஷ்டம் அவ்வளவுதான். நிஜமான கஷ்டமெல்லாம் தெற்கே, ஆறுகள் கடலில் போய்ச் சேரும் தீவுகளில். புலி இருக்கும் சுந்தரவனம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த இடம். மண் கரை உடைந்து கடல்தண்ணீர் வயலிலும் குளத்திலும் புகுந்துவிட்டது. இன்னும் வடியவில்லை. காலையில் டாக்குரியா ஸ்டேஷனில், தீவுகளுக்கு இக்கரையில் இருக்கும் கேனிங் டவுனிலிருந்து லோக்கல் ரயில் வந்து நின்றால், அண்டாவும் கோழிக்கூடையும் கைக்குழந்தையுமாக ஜனங்கள் இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

அப்படி வந்து இறங்கியவள்தான் நம் வீட்டில் இப்போது பாத்திரம் தேய்க்கும் தமயந்தி. நாற்பது வயதிருக்கும். மகள் ஷெஃபாலியோடு ரயில் பாதை ஓரத்தில் தங்கையின் குடிசையில் ஒண்டிக்கொண்டிருக்கிறாள். என்னைப் பௌதி, அதாவது அண்ணி என்று கூப்பிடுகிறாள். புருஷன் நிதாய் மட்டும் வரவில்லை. வீட்டையும் வயலையும் விட்டுவிட்டு எப்படி வருவது என்று, உடைந்த கரை மேல் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருக்கிறானாம். அதைக் கேட்டதும் எனக்கு யார் ஞாபகம் வந்திருக்கும் என்று உனக்கே தெரியும்.

போன வாரம் உன் மருமகள் தீப்தி ஒரு காரியம் செய்தாள். காலேஜில் க்ளைமேட் சேஞ்ச் பற்றி ஏதோ எழுதச் சொல்லியிருக்கிறார்களாம். அவளுக்குத்தான் தமிழைவிட வங்காளம் சரளமாக வருமே, சின்ன டேப் ரிக்கார்டர் ஒன்றை வைத்துக்கொண்டு தமயந்தியைக் கூடத்தில் உட்காரவைத்து, ஏன் ஊரை விட்டு வந்தீர்கள் என்று கேட்டாள். பெண்ணுக்குக் கல்யாணம் பண்ணவேண்டாமா, அதற்குத்தான் வந்தேன் என்றாள் தமயந்தி. தீப்தி விடவில்லை. கடல் உயர்கிறது, வெயில் கூடுகிறது, புயல் முன்பைப்போல இல்லை, அதனால் வந்தீர்களா என்று கேட்டாள். கரை உடைந்தது காண்ட்ராக்டர் மண்ணைத் திருடியதால் என்றாள் தமயந்தி. நோனா ஜொல், உப்புத் தண்ணீர், எங்கள் பாட்டன் காலத்திலேயே உண்டு, அதற்கெல்லாம் ஊரை விட்டு ஓடுகிறவர்கள் நாங்கள் இல்லை என்றாள். தீப்தி முகம் தொங்கிப்போய் உள்ளே போனாள்.

அவள் போனதும் தமயந்தி கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் மெதுவாகச் சொன்னாள். உப்புத் தண்ணீர் ஊர்ப் பெண் என்று தெரிந்தால் யார் எடுப்பார்கள் பௌதி? மாப்பிள்ளை விருந்துக்கு வந்தால் குடிக்க என்ன கொடுப்பேன்? கேட்கிறவர்களிடமெல்லாம் கேனிங் பக்கம் என்றுதான் சொல்கிறேன், நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

எனக்குச் சுருக்கென்றது. சித்திரையில் மாதவியைப் பெண் பார்க்க மன்னார்குடியிலிருந்து வந்தார்களே, அந்த ஞாபகம். விஜயா முதல் நாளே மணல்மேட்டு ஊற்றுக்குப் போய் நல்ல தண்ணீர் சுமந்து வந்து மூடிவைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி ஒத்தாசை செய்கிறேன் பேர்வழி என்று உப்புக் கரிக்கும் கிணற்றுத் தண்ணீரை டிகாக்‌ஷனுக்கு ஊற்றிவிட்டாள். பால் விட்டதும் காபி திரிந்துபோயிற்று. பையனின் அத்தை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கிணற்றடிக்குப் போய் வாய் கொப்பளிப்பதுபோல் ருசி பார்த்துவிட்டு வந்தாளாம். அதன்பிறகு ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். ஜாதகம் ஏற்கெனவே பொருந்தித்தானே பார்க்க வந்தார்கள்! நீயும் அப்படியே எல்லோரிடமும் ஜாதகம் என்று சொல்கிறாய்.

அன்று முழுக்க ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். என்னை ஏன் இத்தனை தூரத்தில் கல்கத்தாவில் கொடுத்தார்கள்? யார் கேட்டாலும் மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் சென்ட்ரல் உத்தியோகம் என்று சொல்லியே பழகிவிட்டேன். எழுபத்தேழு புயலில் கடல் நம் வயலில் ஏறியது கார்த்திகை பிறப்பதற்கு முன். எனக்குக் கல்யாணம் அடுத்த தை மாதம். அதுவரை எனக்கென்று பேசிவைத்திருந்த முறைப்பையனை அப்பா திடீரென்று வேண்டாம் என்றார். நீ அப்போது டவுசர் போட்டவன், ஞாபகம் இருக்காது. பெண் பார்க்க வந்த உன் அத்தானின் அப்பாவிடம் அப்பா சம்பளம் கேட்கவில்லை, சொத்து கேட்கவில்லை. "அங்க குடிதண்ணி எப்படிங்க?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

செய்திக்கு வருகிறேன். உன் அத்தானின் சிநேகிதர் செல்வராஜ், அலிப்பூரில் ஆபீஸ் கேண்டீன் நடத்துகிறவர். ஸ்டோர் பார்த்துக்கொள்ள நம் பக்கத்து ஆள், நம்பிக்கையான ஆள் வேண்டும் என்கிறார். தங்க இடமும் தருகிறார். திருத்துறைப்பூண்டி டாக்டர் விஜயாவின் கிட்னியில் கல் என்று சொல்லி, மாத்திரையைவிட முதலில் தண்ணீரை மாற்றுங்கள் என்றாரே, அதை எப்படி மாற்றப்போகிறாய்? யோசித்துப் பதில் எழுது. மாட்டைக் காரணம் காட்டாதே.

மூவரும் பகவான் துணையில் சுகமாக இருக்கவேண்டும் என்று வேண்டும்,
அக்கா சுந்தரவல்லி

* * *

டாக்குரியா, கல்கத்தா – 31
29.9.2009

அன்புள்ள தம்பிக்கு, நேற்று விஜயதசமி. அம்மனை ஆற்றில் விட்டுவிட்டு ஊரே தொண்டை கட்டிக் கிடக்கிறது. இங்கே இன்று பெரியவர்களைக் கும்பிட்டு, ஒருவர் வாயில் ஒருவர் இனிப்பு வைக்கும் நாள். உன் பங்கையும் நானே தின்றுவிட்டேன்.

உன் பதில் வந்தது. அத்தனை வெள்ளைத் தாளில் நாலு வரி. "புயலுக்கே போகாதவன், சுனாமிக்கே போகாதவன், உப்புத் தண்ணிக்கா போவேன்" என்று எழுதியிருக்கிறாய். இறால் பண்ணைக்காரனைத் திட்டியிருக்கிறாய். ஆற்றில் மணல் அள்ளுகிறவனைத் திட்டியிருக்கிறாய். எல்லாம் நியாயம்தான், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் தம்பி, புயல் வந்தது, போனது. சுனாமி வந்தது, போனது. இது போகிற விருந்தாளி இல்லை. வந்து கால் நீட்டி உட்கார்ந்துவிட்டது. அதனால்தான் நீ எழுந்திருக்கவேண்டிய நேரமும் உனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒரு விஷயம் நடந்தது, கேள். ஷெஃபாலிக்கு ஒரு இடம் வந்தது. பையன் கரியாஹாட்டில் துணிக்கடை ஒன்றில் வேலை பார்க்கிறான். குடிசையில் நாலு பேர் உட்கார இடமில்லை என்று, பெண் பார்ப்பதை நம் வீட்டுக் கூடத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று தமயந்தி கேட்டாள். தாராளமாக என்றேன். பஜ்ஜி போட்டேன், சோன்பப்டி வாங்கிவைத்தேன். உன் அத்தான் என்னவோ தன் பெண்ணுக்கே பார்ப்பதுபோல் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

பையனின் அம்மா, நாங்கள் காக்த்வீப் டவுன்காரர்கள் என்றாள். தமயந்தி, நாங்கள் கேனிங் என்றாள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. என் வாய் சும்மா இருக்குமா? டீ கொடுத்துக்கொண்டே, இந்தப் பெண் எவ்வளவு கெட்டிக்காரி தெரியுமா, கரை உடைந்த அன்று ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கழுத்தளவு உப்புத் தண்ணீரில் நடந்தவள் என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் தமயந்தியின் முகத்தைப் பார்த்தேன். தட்டில் இருந்த பஜ்ஜியை யாரும் தொடவில்லை. பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்றிருந்தது.

பையனின் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். காக்த்வீப் அவர்கள் ஊரே இல்லையாம். அதற்கும் தெற்கே ஒரு தீவாம். வீடு, வெற்றிலைக் கொடிக்கால், புருஷனை எரித்த இடம், எல்லாவற்றையும் வருஷத்துக்குக் கொஞ்சமாக ஆறு தின்றுவிட்டதாம். பையன் வேலைக்காக வந்தோம் என்றுதான் இத்தனை வருஷமும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஊர் இல்லாதவர்கள் என்று தெரிந்தால் யார் பெண் கொடுப்பார்கள் என்று கேட்டாள்.

அப்புறம் அந்த இரண்டு அம்மாக்களும் பேசிய பேச்சு இருக்கிறதே! எந்தக் குளம் முதலில் கரித்தது, எந்த மரம் முதலில் பட்டது என்று, பிரிந்துபோன அக்கா தங்கைபோல் பேசினார்கள். மூலையில் இருந்த தீப்தி டேப் ரிக்கார்டரை எடுக்கவே இல்லை. கார்த்திகையில் கல்யாணம் என்று முடிவாயிற்று. நிதாய்க்கு ஆள்மூலம் சொல்லியனுப்பியிருக்கிறாள்.

இதை எதற்கு எழுதுகிறேன் என்று உனக்குப் புரியும். நீ மறைக்கிறாய், உன் வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறவனும் எதையோ மறைத்துக்கொண்டுதான் வருகிறான். செல்வராஜ் பொங்கல் வரை காத்திருப்பதாகச் சொன்னார். விஜயாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது என்று மாதவி தீப்தியிடம் சொன்னாளாம், வடிந்ததா? அதையாவது எழுது.

உன் பிடிவாதம் குறைந்து ஆயுள் கூடட்டும்.
அக்கா சுந்தரவல்லி

* * *

டாக்குரியா, கல்கத்தா – 31
6.12.2009

தம்பி ஜம்பு,

போன வாரம் நீயாகவே போன் செய்தாய். ஆச்சரியப்பட்டேன். "அக்கா, ஐப்பசி மழை வெளுத்து வாங்கிடுச்சு, கிணத்துத் தண்ணி தேறிடுச்சு, இப்ப இளநீ மாதிரி இருக்கு, செல்வராஜண்ணன்கிட்ட வேற ஆள் பாத்துக்கச் சொல்லிடு" என்றாய். குரலில் அத்தனை சந்தோஷம். நானும் அப்படியா, நல்லதாப் போச்சு என்று சொல்லி வைத்துவிட்டேன். அதைச் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று தெரியவேண்டுமானால் ஷெஃபாலி கல்யாணத்தைப் பற்றி நீ கேட்கவேண்டும்.

வங்காளிக் கல்யாணத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்தன்று விடியற்காலையில் சுமங்கலிகள் குடம் எடுத்துக்கொண்டு, நம் பக்கம் குலவை போடுவதுபோல் ஒலி எழுப்பிக்கொண்டே ஊர்க் குளத்துக்குப் போய்த் தண்ணீர் மொண்டு வருவார்கள். பெண்ணுக்கு மஞ்சள் பூசி அந்தத் தண்ணீரில்தான் குளிப்பாட்டுவார்கள். ரயில் பாதை ஓரத்தில் இருக்கிறவர்களுக்குக் குளம் ஏது? டாக்குரியா ஏரிக்குப் போவது என்று முடிவு செய்தார்கள். அப்பா எனக்குச் சீர் கொடுத்த பித்தளைக் குடத்தைக் கேட்டாள் தமயந்தி. குடத்தோடு நானும் போனேன். நடைப்பயிற்சிக்கு வந்த பெரிய மனிதர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். காவல்காரன் தண்ணீரைத் தொடக்கூடாது என்று விசிலோடு ஓடிவந்தான். கல்யாணப் பெண்ணுக்கு என்று சொன்னதும் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

திரும்பி வந்தால் குடிசை வாசலில் நிதாய் உட்கார்ந்திருக்கிறான். அதுவரை நான் அவனைப் பார்த்ததில்லை. ஒல்லியாக, உன் உயரம். படகு, வேன், ரயில் என்று மாறி மாறி, மடியில் ஒரு வெள்ளைப் பெயிண்ட் வாளியை வைத்துக்கொண்டே வந்திருக்கிறான். வாய்க்குத் துணி கட்டியிருந்தது. உள்ளே அவன் வீட்டுக் குளத்துத் தண்ணீர். என் மகள் இன்னொரு ஊர்த் தண்ணீரில் ஏன் குளிக்கவேண்டும் என்றான். உப்பை இறைத்துக் கொட்டிவிட்டேன், மழை நிரப்பிவிட்டது, இப்போது கல்கண்டுபோல் இருக்கிறது, குடித்துப் பாருங்கள் என்றான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் போனில் உன் குரலில் இருந்ததுதான்.

தமயந்தி முதலில் கையில் வாங்கிக் குடித்தாள். அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் விழுங்கிவிட்டு, நல்ல தண்ணீர் என்றாள். ஷெஃபாலி குடித்துவிட்டு, ஆமாம் பாபா என்றாள். எனக்கும் ஒரு கை ஊற்றினான். வாயில் விட்டதும் தெரிந்தது தம்பி. நம் வீட்டுக் கிணறு. சித்திரை மாசத்துக் கிணறு. நானும் விழுங்கினேன். விழுங்கிவிட்டுத் தலையாட்டினேன். அவன் சிரித்தபடி அந்தத் தண்ணீரை அப்பாவின் குடத்தில் ஏரித் தண்ணீரோடு கலந்தான். பெண் அதில்தான் குளித்தாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மாப்பிள்ளை நல்ல பிள்ளை. ஷெஃபாலி புறப்பட்டபோது தாயும் மகளும் அழுத அழுகையில் ரயில் போன சத்தம்கூடக் கேட்கவில்லை.

மறுநாளே நிதாய் காலி வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். மகளுக்காக வந்தீர்கள், கல்யாணம் முடிந்தது, குளமும் தேறிவிட்டது, இனி நீயும் வந்துவிடு என்று தமயந்தியைக் கூப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறான். அன்று பாத்திரம் தேய்க்கும்போது அவள் என்னிடம் சொன்னாள். உப்பு என்று சொன்னால் அத்தனை பேர் முன்னால் அவர் மனசு உடைந்துபோகும், நல்ல தண்ணீர் என்று சொன்னால் திரும்பிப் போய்விடுவார், எதைச் சொல்வது பௌதி என்றாள். பயந்துகொண்டு நல்லதைச் சொன்னேன், அதைப் பிடித்துக்கொண்டு அவர் போய்விட்டார் என்று, தேய்த்த பாத்திரத்தையே மறுபடி மறுபடி தேய்த்தாள். அவளுக்கு ஆறுதல் சொல்ல நான் யார்? தலையாட்டியவர்களில் நானும் ஒருத்திதானே.

அன்று மாலைதான் உன் போன் வந்தது. நானும் பழைய தோஷத்தில் நல்லதாப் போச்சு என்றேன்.

மறுநாள் மாதவி தீப்தியோடு போனில் பேசியிருக்கிறாள். குழந்தையைத் திட்டாதே, நான்தான் தீப்தியிடம் பிடுங்கிக் கேட்டேன். விஜயா மணல்மேட்டு ஊற்றுத் தண்ணீரை உனக்கும் மாதவிக்கும் எடுத்துவைத்துவிட்டு, தான் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறாளாம். சுமக்க முடியவில்லையாம். ஒரு குடத்துக்கு மேல் இடுப்பு தாங்கவில்லையாம். கிணற்றை இறைத்துச் சுத்தம் பண்ணிய அன்று நீ ஒரு சொம்பு மொண்டு அவளிடம் நீட்டி, "தேறிடுச்சுல்ல?" என்று கேட்டாயாம். அவள் குடித்துவிட்டு "ஆமாங்க" என்றாளாம். நீ ஒரு வாய் குடித்துப் பார்த்தாயா தம்பி? குடித்திருப்பாய். உனக்கும் தெரிந்திருக்கும். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு விழுங்கியிருக்கிறீர்கள்.

நான் இனி விழுங்கமாட்டேன். உன் கிணறு உப்பு. மழைக்காலத்தில் கொஞ்சம் உப்பு, வெயில் காலத்தில் முழு உப்பு. அடுத்த வருஷம் இதைவிட உப்பாக இருக்கும். உன்மேல் குற்றமில்லை. நீ இறைத்த இறைப்புக்கு அது தேனாகவே மாறியிருக்கவேண்டும். மாறவில்லை. இதை உன்னிடம் சொல்ல அப்பா இல்லை, சொல்லவேண்டியவள் பயந்துகொண்டு ஆமாம் என்கிறாள். மிச்சம் இருப்பது நான் ஒருத்தி. கோபம் வந்தால் என்மேல் வரட்டும். பேசாமல் இரு, ஆனால் இங்கே வந்து என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு பேசாமல் இரு.

செல்வராஜிடம் வேறு ஆள் பார்க்கச் சொல்லவில்லை. தை பிறந்ததும் புறப்படுங்கள். மெட்ராஸிலிருந்து கோரமண்டலில் ஏறினால் மறுநாள் ஹௌரா. உன் அத்தான் ஸ்டேஷனுக்கு வருவார். மாட்டைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வா. நிலத்தை விற்கவேண்டாம், அது அங்கேயே கிடக்கட்டும், யாரும் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள். வரும்போது கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கொண்டுவராதே. விஜயாவைக் கொண்டுவா.

தண்ணீருக்குப் பயந்து ஓடினான் என்று ஊர் சொல்லும் என்பதுதான் உன் பயம் என்றால், போன தடவை மறைக்காதே என்று எழுதினேனே, அதை நானே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். யார் கேட்டாலும் கல்கத்தாவில் அக்காவுக்கு உடம்பு சரியில்லை, கூடமாட இருக்கப் போகிறோம் என்று சொல். சாகக் கிடக்கிறாள் என்று வேண்டுமானாலும் சொல்லிக்கொள், எனக்கு ஒன்றும் ஆகாது. எந்தக் காரணத்தைச் சொல்லி வேண்டுமானாலும் வா. விஜயா இந்த வீட்டுக் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து, யார் முகத்தையும் பார்க்காமல் குடிப்பதை நான் பார்க்கவேண்டும்.

மூவரும் ஒன்றாக வந்து சேர ஈஸ்வரன் வழி விடட்டும்.

உன் பதிலை அல்ல, உன்னை எதிர்பார்க்கும்,
அக்கா சுந்தரவல்லி